நாற்பத்திரண்டு பயங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த நீண்ட அறையில் எஸ்தர் ஜெயசீலி செஸ் சொல்லிக்கொடுத்துவந்தார். அங்கே படிக்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் ஆவுடையப்பன். மாணவருக்கு நாற்பத்தெட்டு, ஆசிரியைக்கு முப்பத்தாறு. அவர் எஸ்தரை டீச்சர் என்பார், எஸ்தர் அவரை அண்ணாச்சி என்பார்.

ஆவுடையப்பன் கோப்பை வாங்க வந்தவர் அல்ல. மென்பொருள் எழுதுவது அவர் தொழில். பெங்களூரில் இருபது வருஷம் யார் யாருக்கோ எழுதிக்கொடுத்துவிட்டு, இனி தனக்கென்று ஒன்று எழுத வேண்டும் என்று ஊர் திரும்பியவர். செஸ் ஆடும் கணினிமீது அவருக்கு நெடுநாள் ஆத்திரம் ஒன்று இருந்தது. எது சரியான நகர்வு என்று அது சொல்லும். ஏன் என்று கேட்டால் ஒரு எண்ணைக் காட்டிவிட்டு நிற்கும். காரணம் தெரியாதவன் நாளைக்கும் அதே குழியில்தானே விழுவான் என்பது அவர் கேள்வி.

முதல் நாளே அதை எஸ்தரிடம் கேட்டார்.

"ஏன்னு ஒருத்தருக்குப் புரியிற மாதிரி சொல்றது எப்படி டீச்சர்?"

"உட்கார்ந்து கேளுங்க."

மூன்று வருஷம் உட்கார்ந்து கேட்டார். எஸ்தரின் அனுமதியோடு தான் வந்த காலை வகுப்புகளை எல்லாம் ஒலிப்பதிவு செய்துகொண்டார். தோற்ற ஆட்டத்தைப் பிள்ளைகள் மறுபடி அடுக்கிக் காட்டும்போது எஸ்தர் எங்கே நிறுத்துகிறார், என்ன சொல்கிறார் என்று கவனித்தார். அதை வைத்து ஒரு மென்பொருள் எழுதினார். அதற்கு ‘ஏனென்றால்’ என்று பெயர் வைத்தார்.

ஆடி முடித்த ஆட்டத்தை அதில் ஏற்றினால், தவறான நகர்வு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழில் காரணம் எழுதும். ‘இந்தச் சிப்பாய் நகர்ந்ததால் ராஜாவுக்கு முன்னால் வாசல் திறந்துவிட்டது. ஏனென்றால் அதைக் காத்துக்கொண்டிருந்தது இது ஒன்றுதான்.’ ஆரம்பத்தில் அது காய்களைப் பற்றி மட்டும்தான் பேசியது.

பள்ளிக்கூடங்கள் அதோடு திருப்திப்படவில்லை. யானை, குதிரை என்று சொன்னால் பிள்ளைகள் மனசில் தைக்க மாட்டேன் என்கிறது, மனுஷர் மனுஷருக்குச் சொல்கிற மாதிரி சொல்ல வேண்டும் என்றார்கள். ஆவுடையப்பன் பதிவுகளுக்குத் திரும்பப் போனார். எஸ்தரின் வாயிலிருந்து அடிக்கடி வந்த சொற்களைப் பொறுக்கி எடுத்தார். பயம், அவசரம், பேராசை, அலட்சியம், துணிச்சல். எந்த மாதிரி நகர்வுக்கு எந்தச் சொல்லை எஸ்தர் சொல்கிறார் என்று மென்பொருளுக்குப் பழக்கினார்.

அதன் பிறகு ‘ஏனென்றால்’ எண்பது பள்ளிக்கூடங்களுக்குப் போனது. எங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மாதிரி எழுதுகிறதே என்று ஒரு தலைமையாசிரியர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை ஆவுடையப்பன் ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

எஸ்தரிடமும் காட்டினார். எஸ்தர் படித்துவிட்டு, அதுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். ஆவுடையப்பன் அரை மணி நேரம் விளக்கினார். எஸ்தர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேச்சித்தாய் நான்கு தாள்களோடு மாடி ஏறி வந்தாள்.

பேச்சித்தாய்க்கு இருபத்தெட்டு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. எஸ்தரிடம் ஒன்பது வருஷம் ஆடிப் பழகியவள். வட்டாரத்துச் சதுரங்கப் பேரவையின் பெண்கள் அணியில் நான்கு வருஷமாக இரண்டாவது பலகை, அதாவது அணியின் இரண்டாம் இடம், அவளுடையது. மாநிலப் போட்டிக்குப் போகும் அணியில் இந்த முறை அவள் பெயர் இல்லை. காரணம் கேட்டதற்குப் பேரவைச் செயலாளர் இந்தத் தாள்களைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அவளுடைய இருபது ஆட்டங்களை ‘ஏனென்றால்’ மென்பொருளில் ஏற்றி அச்சடித்த தாள்கள்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே வாசித்தாள்.

"‘வெற்றி வாசலில் நின்றும் ஆட்டக்காரர் பயந்து யானையைப் பின்னுக்கு இழுத்தார்.’ இது போன வருஷம் தூத்துக்குடியில கடைசி ஆட்டம். அன்னைக்கு அணிக்கு அரைப் புள்ளி போதும். டிரா பண்ணினாக் கோப்பை நமக்கு. ஜெயிக்கப் பார்த்து ஒரு தப்புப் பண்ணிட்டா மத்த மூணு பேர் உழைப்பும் போச்சு. அதான் யானையை வீட்டுக்குக் கூப்பிட்டேன். கோப்பையும் வந்துச்சு. அதே செயலாளர்தான் மேடையில நின்னு வாங்கினாரு."

அடுத்த தாளைப் புரட்டினாள். கடைசித் தாளின் அடியில், மொத்தம் நாற்பத்திரண்டு இடங்களில் பயம், இவர் நெருக்கடியில் அஞ்சும் இயல்பினர், என்று இருந்தது.

"இயல்பினராம்" என்றாள். "அண்ணாச்சி, நான் ஆடி நீங்க எப்போ பார்த்திருக்கீங்க?"

அவர் பார்த்ததே இல்லை. பேச்சித்தாய் வருவது சாயங்கால வகுப்புக்கு, அவர் வருவது காலையில்.

ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம் முழுக்கப் பேரவையின் மேல் திரும்பியது. பிள்ளைகள் படிப்பதற்காகச் செய்த பொருளை எடுத்து ஆளை எடை போட அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டார். கத்தரிக்காய் நறுக்கக் கொடுத்த கத்தியால் கழுத்தை அறுத்தால் கொல்லன் என்ன செய்வான் என்றார். அங்கேயே உட்கார்ந்து ஒரு கடிதமும் எழுதினார். ‘எங்கள் மென்பொருள் கற்பிப்பதற்கு மட்டுமே. அதைத் தேர்வுக்குப் பயன்படுத்தியதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.’ அதை எஸ்தரிடம் நீட்டினார்.

எஸ்தர் இரண்டு முறை படித்தார்.

"அந்தத் தாள்ல இருக்கிறது தப்புன்னு எந்த வரியில இருக்கு?"

"அதான் பயன்படுத்தினதே தப்புன்னு எழுதியிருக்கேனே."

"பேச்சித்தாய் பயந்தவ இல்லைன்னு எந்த வரியில இருக்கு?"

ஆவுடையப்பன் கடிதத்தை வாங்கி மடித்தார்.

"அப்போ யார்மேல தப்பு? நேராச் சொல்லுங்க டீச்சர்."

எஸ்தர் ஒரு பலகையை இழுத்துப்போட்டுக் காய்களை அடுக்கினார். வெள்ளையை ஆவுடையப்பன் பக்கம் திருப்பி வைத்தார். பேச்சித்தாயிடமிருந்து ஒரு தாளை வாங்கி அதன் வெற்றுப் பக்கத்தைத் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

"ஆடுங்க அண்ணாச்சி."

இந்த நேரத்திலா என்று கேட்க வாயெடுத்தவர், எஸ்தரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிப்பாயை நகர்த்தினார். கோபத்தில் இருந்தாலும் ஒழுங்காகத்தான் ஆடினார். அவர் ஒவ்வொரு காயை நகர்த்தியதும் எஸ்தர் தாளில் ஏதோ எழுதினார். பிறகு தன் காயை நகர்த்தினார். பன்னிரண்டு நகர்வு ஆனதும் பேனாவை மூடிவிட்டுத் தாளை அவரிடம் கொடுத்தார்.

ஆவுடையப்பன் படித்தார். ராஜாவைக் கோட்டைக்குள் ஒதுக்கியதற்குப் பக்கத்தில் ‘வீட்டு நினைப்பு’ என்று இருந்தது. ராணிக்கு ராணி வெட்டிக்கொண்டதற்குப் ‘பொறாமை’. குதிரையைத் திருப்பியதற்கு ‘வயசு’. பதினோராவது நகர்வு, ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியது. அதற்குப் பக்கத்தில் ‘சென்னையில் இருக்கும் மகன் போன் பண்ணாத ஏக்கம்’ என்று எழுதியிருந்தது.

மகன் அழைத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அதை என்றோ பேச்சுவாக்கில் அவர்தான் எஸ்தரிடம் சொல்லியிருந்தார்.

"என் பையனை எதுக்கு இதுல இழுக்கறீங்க?"

எஸ்தர் பலகையில் அந்த ஓரத்துச் சிப்பாயைத் தொட்டுக் காட்டினார்.

"உங்க குதிரை அந்தக் கட்டத்துக்கு வரப் பார்த்தது. வரவிடாம அடைச்சேன். அவ்வளவுதான். சிப்பாய்க்கும் என் பையனுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கு அப்படித் தோணுச்சு."

"தோணினா எழுதிடுவீங்களா? எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன். ஏன் நகர்த்தினீங்கன்னு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

எஸ்தர் அவர் கையிலிருந்த தாளை வாங்கித் திருப்பினார். அச்சடித்த பக்கம் மேலே தெரியும்படி பலகையின்மேல் வைத்தார்.

ஆவுடையப்பன் அதைப் பார்த்தார். ஆனாலும் அவர் கோபம் தணியவில்லை. தன்னை ஆட வைத்து, வீட்டு விஷயத்தைப் பொதுவில் போட்டு, இப்படி ஒரு பாடம் நடத்த வேண்டுமா என்று உள்ளே கொதித்தது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக எஸ்தரை எதிர்த்துப் பேசினார்.

"இந்தச் சொல்லெல்லாம் நான் வீட்டுலயிருந்து கொண்டு வரல டீச்சர். பயம்னு சொன்னது நீங்க. அவசரம்னு சொன்னது நீங்க. முந்நூறு மணி நேரம் பதிவு இருக்கு. உங்க வாயில வந்ததைத்தான் அது திருப்பிச் சொல்லுது. தப்புன்னா அதுல உங்களுக்குப் பங்கு இல்லையா?"

"இருக்கும்" என்றார் எஸ்தர். "அந்தப் பதிவைக் கேப்போம்."

அதுவரை சுவரோரம் நின்றிருந்த பேச்சித்தாய் பையைத் தோளில் மாட்டினாள்.

"நீங்க குருவும் சிஷ்யருமா பாடம் படிங்க. இன்னும் பதினெட்டு நாள்ல அணி கிளம்புது. எனக்கு என்ன வழி?"

அவள் படி இறங்கிப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் ஆவுடையப்பன் வீட்டுக்குப் போய் பழைய பதிவுகள் இருந்த பெட்டியை எடுத்துவந்தார். மென்பொருளைப் பழக்கும்போது அவர் பதிவுகளைச் சுத்தம் செய்துதான் கொடுத்திருந்தார். பிள்ளைகளின் பேச்சு, இருமல், நாற்காலிச் சத்தம், கீழே பேக்கரியில் தட்டு விழும் சத்தம் எல்லாவற்றையும் இரைச்சல் என்று வெட்டி எடுத்திருந்தார். எஸ்தரின் குரல் மட்டும் மிஞ்சியிருந்தது. வெட்டாத மூலப் பதிவை அதற்குப் பிறகு அவர் திறக்கவே இல்லை.

எஸ்தர் அதைப் போடச் சொன்னார்.

பதிவில் எஸ்தரின் குரல் கேட்டது. "பயந்துட்டியா?"

ஒரு சின்னப் பெண்ணின் குரல். "இல்ல டீச்சர். அங்க வச்சா என் குதிரைக்குத் திரும்பி வர வழி இல்ல."

"அட, ஆமா. நான் அதைப் பார்க்கல."

அடுத்த பதிவு. "அவசரப்பட்டியோ?" "ஆமா டீச்சர். ஒண்ணுக்கு வந்துச்சு." அறை முழுக்கச் சிரிப்பு.

இன்னொன்று. "பேராசையா இது?" "தெரியல டீச்சர்." "சரி, தெரியும்போது சொல்லு."

ஆவுடையப்பன் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனார். எஸ்தரின் சொற்கள் பெரும்பாலும் கேள்வியாகவே இருந்தன. குரலை எழுத்தாக்கியபோது கேள்விக்குறி விழுந்துபோயிருந்தது. பதில்களை அவர் கையாலேயே இரைச்சல் என்று வெட்டியிருந்தார். தன் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் எஸ்தர் முன்னால் அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. இயந்திரத்தை நிறுத்தப் போனார்.

"போகட்டும் அண்ணாச்சி. இன்னும் கேப்போம்" என்றார் எஸ்தர்.

மேலும் சில பதிவுகள் ஓடின. ஒன்றில் எஸ்தரின் குரல் வேறு மாதிரி ஒலித்தது. களைத்த குரல்.

"நீ பயந்துட்ட. எத்தனை தடவை சொல்றது? பயப்படறவங்களுக்கு இது சரிப்படாது."

பதில் வரவில்லை. ஒரு நாற்காலி நகர்ந்தது. செருப்பு மாட்டும் சத்தம். பிறகு எஸ்தர் அடுத்த பிள்ளையின் ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

எஸ்தர் கையை உயர்த்தினார். ஆவுடையப்பன் நிறுத்தினார்.

"மறுபடி போடுங்க."

மறுபடி போட்டார்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறை கேட்டு முடிந்ததும் எஸ்தர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார்.

"அமலி" என்றார். "அருள்மணியோட மக. அன்னைக்கு அப்புறம் வரல. பரீட்சைன்னு நினைச்சேன். கேக்கல."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, இத்தனை மணி நேரத்தில் ஒரு தடவைதானே டீச்சர் என்றார் ஆவுடையப்பன்.

"உங்க மெஷினும் ஒரு தடவைக்கு ஒரு ஆளைத்தான் சொல்லுது. அந்த ஆளுக்கு அந்த ஒரு தடவையே போதும்" என்றார் எஸ்தர். "நீங்க பேச்சித்தாயைப் பாருங்க. நான் அருள்மணி வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

மறுநாள் ஆவுடையப்பன் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். பேச்சித்தாயின் வேலை முடியும்வரை வாசலில் காத்திருந்தார். அவளுக்கு அவரோடு பேச விருப்பமில்லை. மன்னிப்புக் கேட்க வந்தீர்களென்றால் கேட்டுவிட்டுப் போங்கள், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். அதற்கு வரவில்லை, நாற்பத்திரண்டு இடங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்க வந்தேன் என்றார். அவள் பக்கத்துத் தேநீர்க் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

இரண்டு சாயங்காலம் ஆயிற்று. ஒவ்வொரு நகர்வுக்கும் அவள் காரணம் சொன்னாள். இங்கே எதிராளி போன முறை இதே பொறியை வைத்தாள். இங்கே என் கடிகாரத்தில் நாலு நிமிஷம்தான் இருந்தது. இங்கே பக்கத்துப் பலகையில் நம் ஆள் ஜெயித்துவிட்டாள், அதனால் எனக்கு டிரா போதும். அவர் தன் கையால் எழுதிக்கொண்டார். இருபத்தேழாவது இடத்தில் அவள் தயங்கினாள்.

"இது பயம்தான்" என்றாள். "இதுக்கு அடுத்ததும்."

அவர் பேனாவை நிறுத்தினார்.

"எழுதுங்க. இல்லாததை இல்லைங்கிறேன். இருக்கிறதை ஏன் மறைக்கணும்?"

கடைசித் தாளை அவளே புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தாள். இருபது ஆட்டத்துக்கும் சேர்த்து ‘ஏனென்றால்’ அவளை ஒரே ஒரு இடத்தில் மெச்சியிருந்தது. ‘துணிச்சல். ஆட்டக்காரர் அஞ்சாமல் ராணியைக் கொடுத்து எதிரி ராஜாவை வெளியே இழுத்தார்.’

"இந்த நாலு தாள்லயே பெரிய பயம் இதுதான் அண்ணாச்சி. அன்னைக்கு அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில ஆபரேஷன். என்ன ஆச்சோன்னு மனசு அங்கேயேதான் இருக்கு. ஆட்டம் சீக்கிரம் முடிஞ்சாப் போதும், தோத்தாலும் பரவாயில்லைன்னு ராணியைத் தூக்கிக் கொடுத்தேன். பின்னாடி என்ன வரும்னு கணக்கே போடல. அது சரியான நகர்வுங்கிறதே வீட்டுக்கு வந்து பார்த்தப்போதான் தெரியும்."

ஆவுடையப்பன் அந்த வரிக்குப் பக்கத்திலும் தவறு என்று எழுதினார். ‘துணிச்சல்’ என்ற அந்தச் சொல்லை மென்பொருளில் சேர்த்த அன்று அவர் வீட்டில் பாயசம் வைத்திருந்தார்கள்.

அடுத்த நாள் பேரவை அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் கனகசபாபதி அவரை வரவேற்று நாற்காலி போட்டு, உங்கள் மென்பொருள் வந்த பிறகு எங்களுக்கு எவ்வளவு சௌகரியம் தெரியுமா என்று தொடங்கினார். ஆவுடையப்பன் இடைமறித்தார். பேச்சித்தாயைப் பற்றி அது எழுதியது தவறு என்று கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்த தாளை நீட்டினார். நாற்பத்திரண்டில் நாற்பது தவறு, மெச்சிய ஒன்றும் தவறு என்று அதில் இருந்தது.

கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ அந்த எண்பது பள்ளிக்கூடத்துக்கு நீங்க கொடுத்தது?"

காய்களைப் பற்றி எழுதியது சரி, ஆள்களைப் பற்றி எழுதியது எதுவும் நிச்சயமில்லை என்றார் ஆவுடையப்பன்.

"இப்படி நீங்களே சொன்னா யார் வாங்குவாங்க?"

"அது என் பாடு. இந்தப் பெண்ணைச் சேர்த்துக்குங்க."

கனகசபாபதி தாளை மடித்து மேசை விளிம்பில் வைத்தார். குரலில் கோபமே இல்லை. பெயர்ப் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்றார். அப்புறம் எழுந்து போகிற ஆளிடம் சும்மா சொல்வதுபோலச் சொன்னார்.

"உங்க மெஷினைப் பார்த்துதான் அவ பேரை எடுத்தோம்னு நினைக்காதீங்க. அவ பயந்தவன்னு எங்களுக்கு முன்னாலேயே தெரியும். ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கோம். எழுத்துல ஒண்ணு வேணும்ல, அதுக்குத்தான்."

"யார் சொன்னது பயந்தவன்னு?"

"பார்த்தாத் தெரியாதா?"

ஆவுடையப்பன் மேசையை ஒரு தட்டுத் தட்டினார். பேனாக்கூடு கவிழ்ந்து பேனாக்கள் உருண்டன. நாற்பத்தெட்டு வயதில் ஓர் அலுவலகத்தில் அவர் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. தூத்துக்குடிக் கோப்பையை எந்தக் கையால் வாங்கினீர்கள் என்று கேட்டார். கனகசபாபதி குனிந்து பேனாக்களைப் பொறுக்கத் தொடங்கினார். பதில் வராது என்று தெரிந்ததும் ஆவுடையப்பன் வெளியே வந்தார்.

அணி பேச்சித்தாய் இல்லாமலேயே கிளம்பியது. அவள் அந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு மதுரையில் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்றிருந்த ஒரு போட்டிக்குத் தனியாகப் போய் ஆடினாள். ஒன்பது ஆட்டத்தில் ஐந்தரைப் புள்ளி எடுத்தாள். பரிசு எதுவும் இல்லை. திரும்பி வந்ததும் பேரவைக்கு ஒரு முறையீடு எழுதி, அதோடு ஆவுடையப்பன் கையெழுத்திட்ட தாளையும் தேநீர்க் கடையில் எழுதிய நாற்பத்திரண்டு காரணங்களையும் இணைத்து அனுப்பினாள். அடுத்த தேர்வில் நேருக்கு நேர் ஆடிப் பார்த்துத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. மூன்றாவது நினைவூட்டல் கடிதமும் போயிருக்கிறது.

எஸ்தர் அருள்மணியின் வீட்டுக்கு இரண்டு முறை போனார். முதல் முறை அமலி உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. இரண்டாம் முறை வந்தாள், எஸ்தர் சொன்னதைக் கேட்டாள், பிறகு தனக்கு இப்போது கைப்பந்து பிடித்திருக்கிறது என்றாள். எஸ்தர் சரி என்று எழுந்து வந்தார். அதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஆவுடையப்பன் மென்பொருளிலிருந்து ஐந்து சொற்களையும் எடுத்துவிட்டார். எண்பது பள்ளிக்கூடங்களுக்கும் ஏன் எடுத்தேன் என்று கடிதம் போட்டார். இப்போது ‘ஏனென்றால்’ காய்களைப் பற்றிச் சொல்லும். யானை ஏன் அங்கே நின்றிருக்க வேண்டும், சிப்பாய் போனதால் எது திறந்தது என்று முன்பைவிடத் தெளிவாகவே சொல்லும். ஆடியவரைப் பற்றி வரும்போது ‘இங்கே என்ன நினைத்தீர்கள்?’ என்று கேட்டுவிட்டு, கீழே எழுத இடம் விட்டு நிற்கும். ஆட்டக்காரர் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் அந்த இடம் காலிதான்.

பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றாக விலகின. மார்கழிக்குள் முப்பத்தொன்று மிஞ்சியது. சட்டைப்பையில் வைத்துத் திரிந்தாரே, அந்தக் கடிதத்தை எழுதிய தலைமையாசிரியரும் விலகினார். அவர் எழுதிய புதிய கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் காலையில் ஆவுடையப்பன் மூச்சிரைக்க மாடி ஏறினார். எஸ்தர் அன்றைய வகுப்புக்குப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேளுங்க டீச்சர். பிள்ளைகளையே கேள்வி கேட்டா நாங்க எதுக்கு மென்பொருள் வாங்கறோம்னு எழுதியிருக்கார். அதைக்கூடப் பொறுத்துக்குவேன். அடுத்த வரியைக் கேளுங்க. ‘முன்பு உங்கள் மென்பொருள் மனிதரைப் போலப் பேசியது. இப்போது பேசவில்லை.’ மூணு வருஷம் உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொரு ஆளையும் மனுஷனா மதிச்சு மாத்தி எழுதினா, இது மனுஷன் மாதிரிப் பேசலையாம். இவங்களுக்கு நான் என்ன பதில் எழுத?"

எஸ்தர் கையில் இருந்த பலகையைத் துடைத்து முடித்து மேசைமேல் வைத்தார்.

"எந்த மனுஷர் மாதிரின்னு கேட்டு எழுதுங்க அண்ணாச்சி."